அச்சத்துக்கு பட்டன் இல்லை

உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். அதன் தமிழ்ப் பாடப்புத்தகத்தை வாங்கி, 'மெய்ப்பாட்டியல்' என்ற பாடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். (மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதற்காகவோ நீங்கள் புத்தகம் கேட்கிறீர்கள் என்றதும் பிள்ளையின் முகம் ஒரு மாதிரி போகும். அதுவும் ஒரு மெய்ப்பாடுதான். தொல்காப்பியர் இதற்கு 'மருட்கை' என்று பெயர் வைத்திருக்கிறார்.)

2019-ல் வந்த புத்தகம் இது. தயாரித்தவர்களை மனம்விட்டுப் பாராட்டலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைக் கொண்டுவந்து, சினிமா எப்படிக் கதை சொல்கிறது என்கிற பாடத்துக்கும் சிவாஜி கணேசனைப் பற்றிய பாடத்துக்கும் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். உணர்ச்சி உடம்பில் எப்படித் தெரியும் என்பதற்கு சிவாஜியைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் யார் இருக்கிறார்கள்? கன்னத்து சதை மட்டும் தனியாக நடிக்குமே!

இவ்வளவு தூரம் வந்தவர்கள் இன்னும் ஒரு அடி வைத்திருக்கலாம். அந்தப் பாடத்தைப் படிக்கிற பிள்ளை தன் உணர்ச்சியில் பெரும்பகுதியை எதிரில் ஆள் இல்லாமல், கட்டைவிரலால், ஒரு கண்ணாடித் துண்டின்மேல் தட்டித் தட்டித்தான் சொல்கிறது. அங்கே உடம்பே கிடையாது. அப்போது மெய்ப்பாடு என்ன ஆகும்? இந்தக் கேள்விதான் பாடமாக வேண்டியது. வகுப்பில் கேட்கப்படுவதோ 'எண்வகை மெய்ப்பாடுகள் யாவை?'

ஆவடி மார்க்கெட் பக்கம் மாடியில் ஒரு டியூஷன் சென்டர். மாலை 6 மணிக்கு அந்தப் பக்கம் போனால் கோஷம் கேட்கும். "நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை!" நாற்பது குரல். ஒரே ராகம். அழுகையும் உவகையும் ஒரே சுருதியில் வருகின்றன. வெகுளியில்கூட யாருக்கும் கோபம் இல்லை. மாடிப்படி வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் பிள்ளைகளின் போன்கள். உள்ளே எட்டு உணர்ச்சிகளும் மனப்பாடம் ஆகிக்கொண்டிருக்கும்போது வெளியே கூடையில் அதே எட்டும் டிங் டிங் என்று வந்து விழுந்துகொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்லத்தான் ஆளில்லை.

நான் பி.காம். தொல்காப்பியத்துக்கும் எனக்கும் ஒரு நூலகத்தின் இரண்டு அலமாரி தூரம். ஆனாலும் மெய்ப்பாட்டியலைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அக்கவுண்டன்சி வாத்தியார்தான். ஜர்னல் என்ட்ரி போடும்போது பற்று எழுதுவோம், வரவு எழுதுவோம், தொகை எழுதுவோம். அப்பாடா என்று பேனாவை மூடினால் வாத்தியார் தலையில் குட்டுவார். "நரேஷன் எங்கடா?" அதாவது, இந்தப் பணம் எதற்காகக் கை மாறியது என்று கீழே ஒரு வரி. வாடகை கொடுத்த வகையில், சரக்கு வாங்கிய வகையில் என்று. அந்த வரி இல்லாவிட்டால் தொகை சரியாக இருந்தாலும் பதிவு அரைகுறைதான்.

தொல்காப்பியர் செய்திருப்பதும் அதுதான். எட்டு உணர்ச்சிகளைச் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. ஒவ்வொன்றும் எதனால் வரும் என்று நாலு நாலு காரணம் எழுதி வைத்திருக்கிறார். எட்டு நான்கு முப்பத்திரண்டு. அழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் தன்னை இழிவாக நடத்தினால் அழுகை வரும். எதையாவது யாரையாவது இழந்தால் வரும். நன்றாக இருந்த நிலையிலிருந்து சரிந்தால் வரும். வறுமையால் வரும். நாலு அழுகையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், கண்ணில் தண்ணீர். ஆனால் நாலு பேருக்கும் ஒரே ஆறுதல் சொல்ல முடியுமா? அப்பாவை இழந்தவனுக்குச் சொல்வதை அவமானப்பட்டவனிடம் சொன்னால் அடிக்க வருவான்.

சிரிப்பு இன்னும் சுவாரஸ்யம். சிரிப்புக்கு அவர் சொல்லும் நாலு காரணங்களில் முதலாவது என்ன தெரியுமா? சந்தோஷம் இல்லை. எள்ளல்! கேலி! அப்புறம்தான் பிள்ளைத்தனம், அறியாமை, வெள்ளந்தித்தனம் எல்லாம். சந்தோஷம் 'உவகை' என்று தனிக் கணக்கு. அதாவது, பல்லைக் காட்டுகிறவன் எல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று நினைக்காதே என்று அப்போதே எச்சரித்திருக்கிறார்.

இப்போது கூடையில் கிடக்கிற போனுக்கு வருவோம். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகம் இருக்கிறதே, 2015-ல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அதைத்தான் 'ஆண்டின் சொல்' என்று அறிவித்தார்கள். அது ஒரு சொல்லே இல்லை என்று நம் ஊர் தமிழய்யாக்கள் மாதிரியே அங்கேயும் பலர் சண்டைக்குப் போனார்கள். என் தகராறு வேறு. வகுப்பு குரூப்பில் ஒரு பெண் தப்பான விடையைப் போடுகிறாள். வரிசையாகப் பதினைந்து மஞ்சள் முகங்கள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. இதில் எத்தனை எள்ளல்? எத்தனை, 'எனக்கும் இதே தப்பு வந்துச்சு' என்கிற தோழமை? எத்தனை, எல்லோரும் போட்டார்களே என்று போட்டது? அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? பதினைந்தையும் எள்ளல் கணக்கில் எழுதிக்கொண்டு போனை அணைத்துவிடுகிறாள். தொகை இருக்கிறது, நரேஷன் இல்லை.

மெய்ப்பாட்டியலின் கடைசி நூற்பாவை வாசித்தால் எனக்குக் கொஞ்சம் புல்லரிக்கும். (இது எந்தக் கணக்கு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.) கண்ணாலும் காதாலும் திட்டமாக உணரத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த விஷயமெல்லாம் பிடிபடும், மற்றவர்களுக்குக் கஷ்டம் என்கிற அர்த்தத்தில் முடிக்கிறார். கண்ணும் காதும் இருந்தாலே கஷ்டம் என்றால், இரண்டையும் பிடுங்கிவிட்டு வெறும் எழுத்தை மட்டும் கையில் கொடுத்தால்?

இந்தச் சிக்கலில் முன்பே மாட்டியவர்கள் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர்காரர்கள். லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டதாக யாரோ எழுதிய ஜோக்கை யாரோ நிஜ எச்சரிக்கை என்று நம்பிவிட்டார்கள். இனிமேல் ஜோக் என்றால் ஒரு அடையாளம் போடுவோம் என்று 1982 செப்டம்பர் 19-ந் தேதி ஸ்காட் ஃபால்மன் என்கிறவர் யோசனை சொன்னார். ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறுகோடு, ஒரு அடைப்புக்குறி. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கும் முகம். அப்புறம் 1999-ல் ஜப்பானில் ஷிகேடகா குரிடா என்பவர் டோகோமோ கம்பெனிக்காகப் பனிரெண்டுக்குப் பனிரெண்டு புள்ளிக் கட்டத்தில் 176 குட்டிப் படங்கள் வரைந்தார். (நம் பெண்கள் மார்கழியில் வாசலில் வைக்கும் புள்ளியே இதைவிட ஜாஸ்தி.) இன்றைக்குப் படங்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. குழப்பம் குறைந்ததா?

2005-ல் க்ரூகர், எப்லி என்கிற உளவியல்காரர்களும் அவர்களது சகாக்களும் ஒரு சோதனை செய்து கட்டுரை எழுதினார்கள். கல்லூரி மாணவர்களிடம் சில வரிகளைக் கொடுத்து, சிலதைக் கிண்டலாகவும் சிலதை நிஜமாகவும் இன்னொருவருக்கு அனுப்பச் சொன்னார்கள். ஒரு கோஷ்டி ஈமெயிலில், ஒரு கோஷ்டி குரலில். நான் கிண்டல் செய்தால் எதிராளிக்குப் புரியும் என்று அனுப்பியவர்களுக்கு ஏக நம்பிக்கை. நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்றார்கள். குரலில் சொன்னபோது ஏறக்குறைய அப்படியே நடந்தது. ஈமெயிலில்? 56! காசைச் சுண்டிப் போட்டாலே 50 வருமே சார். காரணம் என்னவென்றால், எழுதுகிறவருக்குத் தன் குரல் தன் மண்டைக்குள்ளே கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதே குரல் எதிராளிக்கும் கேட்கும் என்று நினைத்துக்கொள்கிறார். 'சூப்பர்டா' என்று நீங்கள் நக்கலாக அனுப்புகிறீர்கள். அவன் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புகிறான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேருக்கும் சண்டை.

நமக்கு இதன் உண்மையான விலை தெரிந்தது 2020-ல். மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்றாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகள் மறுபடி வகுப்பறையைப் பார்த்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. 19 மாதம். அந்தக் காலத்தில் டெல்லியிலிருந்து ஆன்லைன் வகுப்புக்கு விதிமுறை வந்தபோது பேப்பரில் பெரிதாக வந்தது நிமிடக் கணக்குதான். எட்டாவது வரைக்கும் ஒரு நாளைக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் என்று. பிள்ளையின் கண்ணுக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லோரும் கவலைப்பட்டோம். 'எனக்குப் புரியவில்லை' என்று அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும் என்று கவலைப்பட்டவர்கள் கம்மி.

ஆவடியில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் சொன்னது இது. எட்டாவதில் ஒரு பையன். பாடம் போட்டால் கட்டைவிரல் உயர்த்திய படம் அனுப்புவான். வீட்டுப்பாடம் போட்டால் கட்டைவிரல். 'எல்லாருக்கும் புரிஞ்சுதா?' என்றால் முதல் கட்டைவிரல் அவனுடையது. "நான் அவனை நல்லா படிக்கிற பையன்னே நினைச்சிட்டிருந்தேன் சார்." பள்ளி திறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வீட்டில் ஒரே போன். அதை அப்பா கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். ராத்திரி அவர் திரும்பியதும் பையன் குரூப்பைத் திறந்து, மேலிருந்து கீழே வரைக்கும் வரிசையாக ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கட்டைவிரல் வைத்துக்கொண்டே வருவான். பாடம் எதையும் பார்க்கவில்லை. அந்தக் கட்டைவிரலின் அர்த்தம், 'மிஸ், என் பேரை வெட்டிடாதீங்க.' டீச்சர் வாசித்தது, 'புரிந்தது மிஸ்.'

இதே பையன் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து மண்டையை மண்டையை ஆட்டியிருந்தால் டீச்சருக்கு அரை நிமிடம் ஆகியிருக்குமா கண்டுபிடிக்க? முழியே காட்டிக் கொடுத்திருக்கும். அதுதான் மெய்ப்பாடு.

2022 மே மாதம் வாட்ஸப்பில், வந்த செய்தியின்மேலேயே படம் ஒட்டும் வசதி வந்தது. முதலில் ஆறு படம் கொடுத்தார்கள். கட்டைவிரல், இதயம், கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், வாய் பிளந்த முகம், அழும் முகம், கும்பிடும் கை. இந்த ஆறையும் தொல்காப்பியரின் எட்டையும் பக்கத்தில் வைத்து ஐந்தொகை எடுத்துப் பார்த்தேன். (பழக்க தோஷம்.) சிரிக்கும் முகம் நகை. அழும் முகம் அழுகை. வாய் பிளந்தது மருட்கை. இதயத்தை உவகையில் சேர்க்கலாம். கட்டைவிரலும் கும்பிடும் கையும் உணர்ச்சியில் சேராது, அவை ஒப்புகைச் சீட்டு. அப்படியானால் விட்டுப்போனது என்ன? அச்சம். வெகுளி. பெருமிதம். இளிவரல்.

இளிவரல் கொஞ்சம் கஷ்டமான வார்த்தை. கூசிக் குறுகிப் போகிற உணர்ச்சி. மூப்பு, நோய், வருத்தம், எளிய நிலை இவற்றால் வருவது. தன்னை நினைத்தும் வரலாம், அடுத்தவரைப் பார்த்தும் வரலாம். பத்தாவது படிக்கிற பிள்ளையின் வாழ்க்கையில் பாதி நேரம் ஓடுவது இந்த உணர்ச்சிதான். முகப்பரு, தேய்ந்த செருப்பு, இங்கிலீஷ் பேச வராதது, ஸ்கூட்டரில் வந்து இறக்கிவிடும் அப்பாவின் லுங்கி. அதற்குத் தட்ட ஒரு இடம் இல்லை. பயத்துக்கும் இல்லை.

அதே ஆண்டு ஜூலையிலேயே எந்தப் படத்தை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று மாற்றிவிட்டார்கள். பயந்த முகமும் உண்டு, கோபத்தில் சிவந்த முகமும் உண்டு. ஆனால் நீங்களே சொல்லுங்கள். ஐம்பது பேர் இருக்கிற குரூப்பில் எந்தப் பிள்ளை பயந்த முகத்தைத் தேடி எடுத்துப் போடும்? போட்டால் கீழே என்ன வரும்? விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் முகம்தான். கம்பெனிக்காரனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் வைக்காத பட்டனை நாம் நம் வீட்டிலும் வைத்ததில்லை. 'ஆம்பளப் புள்ள பயப்படலாமாடா?' என்பது எந்த ஆப் வருவதற்கும் முன்னால் வந்தது.

சரி, சொல்லிக்கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? இங்கேதான் எனக்குப் பாடநூல்மேல் நிஜமான வருத்தம். எல்லாமே உள்ளே இருக்கிறது. பிள்ளைக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அளபெடை ஞாபகம் இருக்கிறதா? ஓசை நீள வேண்டிய இடத்தில் எழுத்து நீண்டு ஒலிக்கும், பக்கத்தில் இன எழுத்தைப் போட்டு அந்த நீளத்தைக் காட்டுவோம். பத்தாம் வகுப்பில் அதற்கு ஒரு திருக்குறளை உதாரணமாக எழுதி இரண்டு மார்க் வாங்கியிருப்பீர்கள். உங்கள் பெண் தோழிக்கு 'வாடீஇஇஇ' என்று அனுப்புகிறாளே, அது என்ன? 'ப்ளீஈஈஸ்' என்கிறானே பையன்? சந்தேகமே வேண்டாம், எழுத்தில் குரலைக் காட்ட வேண்டிய நெருக்கடி வந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே அளபெடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்தத் தமிழாசிரியராவது, 'அடப்பாவி, நீ செய்வதற்குப் பேர் இருக்குடா' என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாரா?

அடுக்குத்தொடர் இன்னொன்று. 'பாம்பு பாம்பு', 'போ போ', 'வாங்க வாங்க'. அச்சம், கோபம், மகிழ்ச்சி, அவசரம் இவற்றால் ஒரே சொல் அடுக்கி வரும் என்று ஆறாவது ஏழாவதிலேயே வந்துவிடுகிறது. உணர்ச்சியை எழுத்தில் காட்டுவதற்கு நேரான பாடம் இது. அதை 'இரட்டைக்கிளவிக்கும் அடுக்குத்தொடருக்கும் உள்ள வேறுபாடு யாது?' என்று கேட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

இதைவிடப் பெரிய சொத்து பேச்சுத் தமிழின் வால்கள். 'வா' என்பது கட்டளை. 'வாயேன்' என்றால் கெஞ்சல். 'வாடா' என்றால் தோழமை, 'வாப்பா' என்றால் செல்லம், 'வாங்களேன்' என்றால் தயக்கம் கலந்த மரியாதை, 'வந்துதான் பாரேன்' என்றால் சவால். ஒரு உரிச்சொல் தேவையில்லை, ஒரு மஞ்சள் முகம் தேவையில்லை. வாலிலேயே உணர்ச்சி தொங்குகிறது. ஆனால் பள்ளியில் 'எழுத்து' என்று வந்ததும் முதலில் நறுக்குவது இந்த வாலைத்தான். 'பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்.' பரீட்சைக்கு நியாயம். நண்பனுக்கு எழுதும்போது? வால் நறுக்கிய தமிழில் எழுதினால் தாசில்தார் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அதனால் பிள்ளை தமிழையே விட்டுவிட்டு இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுகிறது. வாலோடு எழுத அங்கேதான் யாரும் மார்க் குறைப்பதில்லை!

கடிதம் எழுதும் கேள்வியைப் பாருங்கள். மாநில அளவில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய தோழனை வாழ்த்தி மடல். ஹோட்டலில் சாப்பாடு சரியில்லை, விலை அதிகம் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் புகார். ரொம்ப உபயோகமானவைதான், நான் மறுக்கவில்லை. (ஹோட்டல் புகார்க் கடிதத்தைப் பெரியவர்களும் பயிற்சி எடுக்கலாம்.) ஆனால் தோழன் முதல் பரிசு வாங்கினால் நமக்கு மகிழ்ச்சி மட்டுமா வரும்? கொஞ்சம் வயிறு எரியாதா? 'டேய், எனக்குப் பொறாமையா இருக்கு, ஆனாலும் நீ வாங்கினதுல சந்தோஷம்' என்று எழுதுகிற பிள்ளைக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? நண்பனிடம் மன்னிப்பு கேட்டு ஒரு கடிதம், 'நீ அன்னிக்கு சிரிச்சது எனக்கு வலிச்சுது' என்று ஒரு கடிதம், இப்படி ஒரு கேள்வியை எந்தக் கேள்வித்தாளிலும் நான் பார்த்ததில்லை.

தமிழில் முன்மாதிரி இல்லாமலா? புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாகவே கிடைக்கிறது. ஊரே பயந்த கிண்டல்காரர். வீட்டுக்கு எழுதும்போது கிண்டல் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. பணம், உடம்பு, குழந்தை, வேலை என்று சின்னச் சின்ன விவரங்கள். அந்த விவரங்களுக்குள்தான் அந்த மனிதரின் பாசமும் பயமும் இருக்கின்றன. சினிமா வேலையாகப் புனே போய், காசநோயோடு திரும்பி 1948-ல் இறந்து போனவர். அந்த முடிவு தெரிந்து படிக்கும்போது ஒரு சாதாரண பணக் கணக்கே தொண்டையை அடைக்கும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் ஆவடியிலேயே ஆதாரம் இருக்கிறது. டாங்க் செய்கிற கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். முகாம். பல மாநிலத்துக்காரர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து வேலை பார்த்த இடம். இங்கிருந்து மாதாமாதம் மணியார்டர் போகும். பழைய மணியார்டர் ஃபாரத்தில், பணம் வாங்குகிறவர் கிழித்து வைத்துக்கொள்ள அடியில் ஒரு சின்னத் துண்டு உண்டு. நாலைந்து வரிக்குத்தான் இடம். அந்த இடத்தில் ஒரு ஆள் என்ன எழுதுவான்? 'இதில் பெரியவனுக்குச் செருப்பு வாங்கவும். தீபாவளிக்கு லீவ் கேட்டிருக்கிறேன்.' ஐ லவ் யூ இல்லை, இதயம் இல்லை. அந்தத் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த அம்மாக்கள் உண்டு.

இந்த நியாயத்தைச் சொல்லும்போது எதிர்க்கட்சியையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எல்லோரும் மனசைக் கொட்டி எழுதினார்கள் என்பது பொய். தந்தி ஆபீஸில் வாழ்த்துக்கெல்லாம் நம்பர் இருந்தது. கல்யாணத்துக்கு ஒன்று, பரீட்சையில் பாஸானதற்கு ஒன்று. நம்பரைச் சொன்னால் போதும், அந்தப் பக்கம் ரெடிமேட் ஆசீர்வாதம் போய் இறங்கும். 2013 ஜூலையில் தந்தியை மூடும்போது கண்ணீர் விட்டோமே, அந்தத் தந்தியும் ஒரு வகை மஞ்சள் முகம்தான். இன்றைக்குப் பெரியவர்களின் குடும்ப குரூப்பில் சாவுச் செய்தி வந்ததும் முதல் ஆள் போட்ட 'ஆழ்ந்த இரங்கல்'-ஐ இருபது பேர் வெட்டி ஒட்டுகிறோம். பிள்ளைகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசில்லை.

இன்னொரு பயம் எனக்கு உண்டு. இதைப் பாடமாக்கினால் அடுத்த வருஷமே 'உணர்ச்சி வெளிப்பாடு - 5 மதிப்பெண்' என்று வந்து நிற்கும். கைடு வரும். 'கோபத்தை வெளிப்படுத்தும் பத்து வாக்கியங்கள்' டியூஷனில் கோஷமாகக் கேட்கும். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் 'மகிழ்ச்சிப் பாடம்' தொடங்கியபோது எட்டாம் வகுப்பு வரைக்கும் தினம் ஒரு பீரியட் ஒதுக்கி, அதற்குப் பரீட்சை கிடையாது என்று வைத்தார்கள். திட்டத்தைப் பற்றி ஆயிரம் அபிப்பிராயம் இருக்கட்டும், அந்த ஒரு முடிவு புத்திசாலித்தனமானது. மனசைத் திருத்தி மார்க் போட சிவப்பு மசி எதற்கு?

ஆவடி டீச்சர் செய்ததும் பரீட்சை இல்லாத ஒன்றுதான். கட்டைவிரல் பையன் சம்பவத்துக்குப் பிறகு அவர் ஒன்பதாம் வகுப்பில் மாதம் ஒரு பீரியடை இதற்கென்று எடுத்துக்கொண்டார். துண்டுப் பேப்பர். பேர் எழுத வேண்டாம். நண்பனுக்கு அனுப்புகிற மாதிரி ஒரு மெசேஜ் எழுத வேண்டும், படம் வரையக் கூடாது. உணர்ச்சியின் பெயரையும் சொல்லக் கூடாது, காரணத்தைத்தான் எழுத வேண்டும். 'கோபமா இருக்கேன்' என்று எழுதினால் செல்லாது. 'என் நோட்டை வாங்கிட்டுப் போய் மூணு நாள் ஆச்சு, நாளைக்கு டெஸ்ட்' என்று எழுதினால் செல்லும். பேச்சு வழக்கு தாராளமாகப் போகலாம். சிலதை அவர் உரக்க வாசிப்பார். இது எட்டில் எது என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். ஒரே துண்டுக்கு மூன்று விதமான பதில் வந்துவிட்டால் வகுப்பு களை கட்டும். 'இல்ல மிஸ், இது கோபம் இல்ல, அழுகை' என்று சண்டை. மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதின இளம்பூரணரும் பேராசிரியரும் பார்த்தால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொன்ன நாலு காரணம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இறை என்றால் நமக்கு மேலே இருக்கிறவர். அன்றைக்கு அரசன், இன்றைக்கு ஹெச்.எம். என்று வைத்துக்கொள்ளலாம். முதல் முறை அச்சம் கொடுத்தபோது பிள்ளைகள் பெரும்பாலும் அணங்கு, விலங்கு கட்சியில் இருந்தார்கள். பேய், கரப்பான்பூச்சி, ராத்திரியில் துரத்துகிற தெருநாய். அப்போதெல்லாம் ஒரே சிரிப்பு. மூன்றாவது முறை டீச்சர் உரக்க வாசிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்ட ஒரு துண்டு வந்தது. எனக்குப் படித்துக் காட்டினார்.

'ஃபீஸ் கட்டாதவங்க லிஸ்ட் குரூப்ல வரும்போது நான் போனைக் கவுத்து வெச்சிடுவேன். அம்மா பாத்துடுவாங்கன்னு இல்ல, அவங்களுக்குத் தெரியும். நீ பாத்திருப்பியோன்னு. நாளைக்கு நீ என்கூட சாதாரணமா பேசினா, பாத்துட்டுத்தான் அப்படிப் பேசுறியோன்னு தோணும்.'

இது அச்சமா இளிவரலா என்று நானும் டீச்சரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். யார் எழுதினது என்று அவர் தேடவில்லை. துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்குப் போயிருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து லிஸ்ட் குரூப்பில் வருவதில்லை, வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் போகிறது. குரூப்பில் கடைசியாக வந்த அந்தப் பழைய லிஸ்டை டீச்சர் எனக்குத் தன் போனில் காட்டினார், பேர்களை விரலால் மறைத்துக்கொண்டு. கீழே ஏழு கட்டைவிரல்கள் ஒட்டியிருந்தன.

"இதுல ஒண்ணு அந்தப் பிள்ளையோடதா இருக்கும் சார்" என்றார்.